குடை பிடித்த வாத்து

பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று கேட்ட போலீஸ்காரரிடம் “டிசைனுங்க” என்று சொன்னான் முகமது ரியாஸ். அங்கேதான் வினை ஆரம்பமானது.

“என்ன டிசைன்?”

“எம்பிராய்டரி டிசைனுங்க. சோமனூருக்குக் கொண்டுட்டுப் போறேன்.”

“எங்கே, காட்டு.”

ரியாஸ் பிளாஸ்டிக் பெட்டியைத் திறந்து காட்டினான். உள்ளே துணியும் இல்லை, நூலும் இல்லை. கறுப்புக் கறுப்பாகக் கம்ப்யூட்டர் பிளாப்பிகள் அடுக்கியிருந்தன. போலீஸ்காரர் ஒன்றை உருவி எடுத்து வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். பூவும் தெரியவில்லை, கொடியும் தெரியவில்லை. பெயர் கேட்டார். சொன்னான். வீடு எங்கே என்றார். கோட்டைமேடு என்றான். அதற்கு மேல் அவர் எதுவும் கேட்கவில்லை. ஜீப்பில் ஏறச் சொன்னார்.

அது தொண்ணூற்றெட்டாம் வருஷம். ஊரில் குண்டுகள் வெடித்து நாலைந்து மாதம் ஆகியிருந்தது. கோட்டைமேட்டிலிருந்து எந்தத் தெரு வழியாக வெளியே வந்தாலும் மணல் மூட்டை அடுக்கிய ஒரு செக்போஸ்டைத் தாண்டித்தான் வரவேண்டும். கறிகாய் வாங்கி வருகிறவர்களும் பையைக் கவிழ்த்துக் காட்ட வேண்டியிருந்தது. அப்படிக் காட்டிக் காட்டிப் பழகிப் போயிருந்த தள்ளுவண்டி மாசாணம்தான் ஓடி வந்து ஃபர்சானாவிடம் விஷயத்தைச் சொன்னார்.

ஃபர்சானா ரியாஸின் தங்கை, இரண்டு வயது இளையவள். கம்ப்யூட்டரில் டிப்ளமோ முடித்து, திருப்பூரில் ஒரு எம்பிராய்டரி யூனிட்டில் ‘பஞ்சிங்’ வேலை கற்றுக்கொண்டு வந்தவள். யாராவது வரைந்த படத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, ஊசி எங்கே இறங்க வேண்டும், எங்கே திரும்ப வேண்டும், எங்கே நூல் மாற வேண்டும் என்று தையல் தையலாகக் குறித்துக் கொடுப்பதற்குத்தான் பஞ்சிங் என்று பெயர். அதைப் பிளாப்பியில் ஏற்றி மெஷினில் செருகினால் மெஷின் தானாகத் தைத்துவிடும். அத்தா மவுத்தாகி, தகப்பன் இல்லாத வீடான பிறகு, அவருடைய தையல் மெஷின் இருந்த மாடி அறையில் பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி வைத்து அவள் சொந்தமாகத் தொழில் தொடங்கியிருந்தாள். ரியாஸ் வேலை பார்த்த ஜவுளிக்கடை முந்தின வருஷக் கலவரத்தில் எரிந்து போனதிலிருந்து அவன்தான் பிளாப்பிகளைக் கொண்டுபோய்க் கொடுத்து வருவான்.

விஷயத்தைக் கேட்டதும் அம்மா ரம்லா தலையில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தார். ஃபர்சானாவுக்கு அழுகை வரவில்லை.

“அழுகாதீங்கம்மா. யாராச்சும் செத்தா போனாங்க? நான் போயிட்டு வாரேன்.”

“தனியாப் போகாத பாப்பா. பள்ளிவாசல்ல சொல்லி யாரையாச்சும் கூட்டிட்டுப் போ.”

“யாரைக் கூட்டிட்டுப் போனாலும் அவங்களையும் சேத்து உக்கார வெச்சுக்குவாங்க” என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினாள்.

ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் அரங்கசாமி அவளை வரவேற்ற விதம் இருக்கிறதே, அதை ஃபர்சானா சாகும்வரை மறக்க மாட்டாள். ஏதோ வீட்டுக்கு வந்த ஒறம்பரையை வரவேற்பது போல எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார்.

“வாங்கம்மணி, உக்காருங்க. டீ சாப்புடறீங்களா?”

“என் அண்ணன் எங்கீங்க?”

“உள்ளார இருக்காருங்க. சும்மா விசாரணைதானுங்க. நீங்க பதறாதீங்க. தண்ணி குடிங்க மொதல்ல.”

உள்ளே எங்கேயோ ஒரு கதவு சாத்தப்பட்டது. ஃபர்சானா தண்ணீரைத் தொடவில்லை. இவ்வளவு ‘ங்க’ போட்டுப் பேசுகிற ஆள் அண்ணனை எந்த இடத்தில், எப்படி உட்கார வைத்திருக்கிறார் என்று அந்தக் கதவையே பார்த்தாள்.

மேஜைமேல் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. அதன் முன்னால் கண்ணாடி போட்ட ஒருவன் உட்கார்ந்திருந்தான். பீளமேட்டில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் நடத்துகிறவன், பெயர் ஜெரால்டு, பிளாப்பிகளைச் சோதிப்பதற்காக வரவழைத்திருக்கிறோம் என்று இன்ஸ்பெக்டர் அறிமுகப்படுத்தி வைத்தார். ஜெரால்டின் வலது பக்கம் ஒரு அடுக்கும் இடது பக்கம் ஒரே ஒரு பிளாப்பியும் இருந்தன.

“இதெல்லாம் காலிங்க” என்று வலது பக்க அடுக்கைக் காட்டினான் ஜெரால்டு.

“காலியா? அது எப்படிக் காலியா இருக்கும்?”

“உள்ள போட்டா, இந்த டிஸ்க் ஃபார்மட் ஆகலை, பண்ணட்டுமான்னு கேட்டுச்சுங்க. யெஸ் கொடுத்தேன். அப்பறம் தெறந்து பாத்தா ஒண்ணுமே இல்லை.”

“எத்தனைக்கு யெஸ் கொடுத்தீங்க?”

“கேட்டதுக்கெல்லாம் கொடுத்தேனுங்க.”

ஃபர்சானா அந்த அடுக்கைப் பார்த்தாள். அந்தப் பிளாப்பிகள் எம்பிராய்டரி மெஷினுக்கென்றே இருக்கும் தனி அமைப்பில் எழுதப்பட்டவை. சாதாரணக் கம்ப்யூட்டருக்கு அதைப் படிக்கத் தெரியாது. படிக்கத் தெரியாததையெல்லாம் அது ஃபார்மட் ஆகாதது என்றுதான் சொல்லும். அழித்துவிட்டுப் புதிதாக்கித் தரட்டுமா என்று கேட்கும். இவன் ஒன்றன்பின் ஒன்றாகச் செருகி, ஒவ்வொன்றுக்கும் ஆமாம், ஆமாம் என்று தட்டியிருக்கிறான். இரண்டு வருஷ உழைப்பு. கம்ப்யூட்டரில் இடம் போதாமல் பழைய டிசைன்களைப் பிளாப்பியில் ஏற்றிவிட்டு, கம்ப்யூட்டரில் இருப்பவற்றை அழித்துவிடுவது அவள் வழக்கம். வெளிநாட்டுப் பார்ட்டி பழைய டிசைன்களைப் பார்க்க வேண்டும் என்கிறார், எல்லாவற்றையும் அனுப்பு என்று சோமனூரில் அவளுக்கு ஆர்டர் கொடுக்கும் கனகம் கேட்டதால்தான் மொத்தப் பெட்டியும் வெளியே வந்திருந்தது.

“அழிச்சுட்டீங்க” என்றாள். “என்னன்னு தெரியாம எல்லாத்தையும் அழிச்சுட்டீங்க.”

“இல்லீங்க, அது காலியாத்தான்...”

“காலி பிளாப்பியைப் பெட்டியில அடுக்கி, லேபிள் ஒட்டி, பஸ் ஏறி யாராவது சோமனூருக்குக் கொண்டு போவாங்களா? அதைக்கூட யோசிக்கலையா நீங்க?”

“சத்தம் போடாதீங்கம்மணி” என்றார் அரங்கசாமி, கொஞ்சமும் குரலை உயர்த்தாமல். “அது போச்சு, விடுங்க. இந்த ஒண்ணுதானுங்க தெறந்துச்சு. இதுக்கு நீங்க பதில் சொல்லுங்க.”

இடது பக்கம் இருந்த ஒற்றைப் பிளாப்பியை ஜெரால்டு செருகினான். அதை மட்டும் அவள் சாதாரணக் கம்ப்யூட்டர் அமைப்பிலேயே எழுதியிருந்தாள். திரையில் பெயர்கள் வரிசையாக வந்தன. KNK07.EXP. KNK08.EXP. KNK09.EXP. எல்லாப் பெயரும் அப்படித்தான் முடிந்தது.

“ஈ, எக்ஸ், பி” என்று எழுத்தெழுத்தாகப் படித்தார் இன்ஸ்பெக்டர். “எக்ஸ்ப்ளோசிவ், வெடிமருந்து. அதானுங்களே?”

ஃபர்சானா சிரித்துவிடுவோமோ என்று பயந்தாள். சிரிப்பு வரவில்லை. அவர் விளையாட்டுக்குக் கேட்கவில்லை என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது.

“அது எம்பிராய்டரி ஃபைலுங்க. அந்த மாதிரி ஃபைல் எல்லாத்துக்கும் பேரு அப்படித்தான் முடியும். நான் வெச்ச பேரில்லை. சாப்ட்வேரே அப்படித்தான் வைக்கும்.”

“சரிங்க. கே.என்.கே. அப்படிங்கறது எந்த அமைப்பு?”

“கனகம். ஆர்டர் கொடுத்த அக்கா பேரு. கே, என், கே. ஏழாவது டிசைன், எட்டாவது டிசைன்.”

அரங்கசாமி தலையை ஆட்டிக்கொண்டே இழுப்பறையைத் திறந்து ஒரு கட்டுக் காகிதத்தை எடுத்துப் போட்டார். அந்த ஃபைலை எதை வைத்துத் திறப்பது என்று கம்ப்யூட்டர் கேட்டிருக்கிறது. ஜெரால்டு நோட்பேடில் திறந்து, வந்ததை அப்படியே பிரிண்ட் எடுத்துக் கொடுத்திருக்கிறான். பக்கம் பக்கமாகக் கோடும் புள்ளியும் கொம்பு முளைத்த எழுத்துமாக இருந்தது. இடையில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில ஆங்கில எழுத்துகள். அவற்றில் ஒரு ஆரையும், நாலு வரி தள்ளி ஒரு டியையும், அடுத்த பக்கத்தில் ஒரு எக்ஸையும் சுற்றி யாரோ சிவப்பு மையால் வட்டம் போட்டிருந்தார்கள். சேர்த்துப் படித்தால் ஆர்.டி.எக்ஸ்., வெடிமருந்தின் பெயர்.

“சங்கேத பாஷையாட்ட இருக்குதுங்களே, அம்மணி.”

அவள் அந்தச் சிவப்பு வட்டங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஜெரால்டின் பக்கம் திரும்பினாள்.

“உங்களுக்கு இது என்ன ஃபைல்னு தெரியுமா?”

ஜெரால்டு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். “தெரியாதுங்க.”

“தெரியாதுன்னு எழுதிக் கொடுத்தீங்களா?”

அவன் இன்ஸ்பெக்டரைப் பார்த்தான். இன்ஸ்பெக்டர் டீயைப் பார்த்தார். கட்டின்மேல் பின் குத்தியிருந்த காகிதத்தில் ஜெரால்டின் கையெழுத்து இருந்தது. ‘சந்தேகத்துக்கு இடமான கோப்புகள்’ என்று எழுதியிருந்தது.

“தெரியாதுன்னா தெரியாதுன்னு எழுத வேண்டியதுதானே? அதுக்கு எதுக்குச் சந்தேகம்? நீங்க பாடம் நடத்தறீங்கதானே? புள்ளைங்க கேக்கற கேள்விக்குப் பதில் தெரியலைன்னா அந்தப் புள்ளையையே சந்தேகப்படுவீங்களா?”

“அவரை எதுக்குங்க திட்டறீங்க” என்றார் அரங்கசாமி. “நீங்க ஒண்ணு செய்யுங்க. ஆர்டர் கொடுத்த அந்தக் கனகத்தைக் கூட்டிட்டு வாங்க. இது என்ரதுதான்னு அவங்க வந்து ஒரு வார்த்தை சொல்லட்டும். உங்க அண்ணனை அனுப்பிவிடறேனுங்க.”

சோமனூருக்குப் பஸ்ஸில் போகும்போது வழி முழுக்க அவள் யாரோடோ சண்டை போட்டபடியே போனாள். உதடு அசைவதைப் பார்த்து பக்கத்து சீட் அம்மாள் ஜன்னல் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார்.

கனகத்தின் ஷெட் விசைத்தறிகளுக்கு நடுவே இருந்தது. சுற்றிலும் தறிச் சத்தம், உள்ளே எம்பிராய்டரி மெஷின் சத்தம். கனகம் நல்ல மனுஷி. ஃபர்சானா முதன்முதலில் வேலை கேட்டு வந்தபோது சோறு போட்டுப் பேசியவர். அன்றும் பார்த்தவுடன், “வா கண்ணு, என்ன இந்த வெயில்ல? பிளாப்பி எங்கே?” என்று கேட்டார்.

ஃபர்சானா எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லச் சொல்லக் கனகத்தின் கை முந்தானையை முறுக்க ஆரம்பித்தது.

“ஸ்டேசனுக்கா? நானா?”

“ஒரு வார்த்தைக்கா. இது என் ஆர்டர், இது வாத்து டிசைன்னு சொன்னாப் போதும்.”

“நானு பொம்பளை, ஸ்டேசன் படியேறுனா இந்த ஊர்ல என்ன பேசுவாங்க கண்ணு?”

“நானும் பொம்பளைதாங்கக்கா. காலையில இருந்து அங்கதான் உக்காந்திருந்தேன்.”

கனகம் வாசலைப் பார்த்தார். அங்கே அவர் கணவர் நூல் பெட்டிகளை எண்ணுவது போல முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தார். எல்லாம் காதில் விழுந்திருக்கும்.

“ஊட்டுக்காரரு ஒத்துக்க மாட்டாரு கண்ணு. இப்ப காலம் இருக்கற இருப்புல, அந்த மாதிரிக் கேஸ்ல எல்லாம்...”

“எந்த மாதிரிக் கேஸ்?”

கனகம் முந்தானையை விட்டுவிட்டுத் திரும்பினார். உள்ளே போய் ஒரு துணித்துண்டைக் கொண்டுவந்து அவள் கையில் வைத்தார். போன மாதம் தைத்துப் பார்த்த சாம்பிள். மஞ்சள் வாத்து ஒன்று சிவப்புக் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றது.

“இதைக் காட்டு. இதே போதுமே.”

ஃபர்சானா அதை வாங்கிக்கொண்டாள். “வர்றேங்க” என்று மட்டும் சொன்னாள். அக்கா என்று சொல்ல வாய் வரவில்லை.

துணித்துண்டை அரங்கசாமி திருப்பித் திருப்பிப் பார்த்தார். “வாத்து நல்லா இருக்குதுங்க. ஆனா இந்தத் துணிதான் அந்தப் பிளாப்பிக்குள்ள இருக்குதுன்னு எனக்கு எப்படிங்க தெரியும்? உங்க கம்ப்யூட்டரை எடுத்துட்டு வந்தறலாமுங்க. ஜெரால்டு சார் பாத்துக்குவாரு.”

அப்போதுதான் ஃபர்சானாவுக்குள் காலையிலிருந்து இறுக்கிப் பிடித்து வைத்திருந்தது அறுந்தது.

“என் கம்ப்யூட்டரை இவர் தொடக்கூடாது. சாட்சியம்னு சொல்லிப் பிடிச்சீங்க. பிடிச்சதை இந்த மேஜைமேல வெச்சு நீங்களே அழிச்சீங்க. எத்தனை பிளாப்பி அழிஞ்சுதுன்னு எனக்குத் தெரியும், எந்தெந்த லேபிள்னும் தெரியும். வக்கீலை வெச்சுக் கோர்ட்டில கேப்பேன். யார் சொல்லி யார் அழிச்சாங்கன்னு கேப்பேன். இவர் பேரும் வரும், உங்க பேரும் வரும்.”

எழுதிக்கொண்டிருந்த ஏட்டு பேனாவை நிறுத்தினார். ஜெரால்டு அந்த அடுக்கிலிருந்து கையை எடுத்தான்.

“என் வீட்டுக்கு வாங்க” என்றாள். “அங்கே தெறந்து காட்டறேன். எல்லாரும் உக்காந்து பாருங்க. என்னைத் தவிர யாரும் கை வைக்கக் கூடாது.”

அரங்கசாமி டீயைக் கீழே வைத்தார். “கோவம் ஜாஸ்தி உங்களுக்கு” என்றார். பிறகு தொப்பியை எடுத்துக்கொண்டார்.

ஜீப் தெருவுக்குள் நுழைந்தபோது எல்லா வீட்டு வாசலிலும் ஆட்கள் நின்றார்கள். சிலர் பிள்ளைகளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார்கள். ரியாஸையும் ஜீப்பில் கொண்டு வந்திருந்தார்கள். ஆனால் இறக்கவில்லை. ஒரு போலீஸ்காரருக்கும் இன்னொருவருக்கும் நடுவில் அவன் தலை குனிந்து உட்கார்ந்திருப்பதைத் தெருவே பார்த்தது.

மாடி அறையில் நிற்க இடமில்லை. இன்ஸ்பெக்டர் அத்தாவின் ஸ்டூலில் உட்கார்ந்தார். ஜெரால்டு அவள் தோளுக்குப் பின்னால் நின்றான். கம்ப்யூட்டரின் முதுகில் தீப்பெட்டி அளவுக்கு ஒன்று செருகியிருப்பதைப் பார்த்துவிட்டு ஏட்டு விரலை நீட்டினார்.

“அது என்ன?”

“லாக். அது இருந்தாத்தான் இந்த சாப்ட்வேர் தெறக்கும். இல்லைன்னா தெறக்காது.” ஜெரால்டைத் திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்: “இதையும் சந்தேகம்னு எழுதிக்கிறீங்களா?”

பிளாப்பியைச் செருகினாள். ஏழாம் எண்ணைத் தேர்ந்தெடுத்தாள். பழைய கம்ப்யூட்டர் கரகரவென்று மூச்சுவாங்கியது. திரை கொஞ்ச நேரம் வெறுமையாகவே கிடந்தது. ஸ்டேஷனில் பிளாப்பிமேல் எத்தனை கை பட்டதோ, இதுவும் கெட்டுப் போயிருந்தால் என்ன செய்வது? கீழே ஜீப்பில் அண்ணன்.

பிறகு ஒரு மஞ்சள் கோடு தெரிந்தது. அதன்மேல் இன்னொன்று. ஊசி ஓடுகிற வழியிலேயே திரையில் கோடுகள் ஓடின. வயிறு நிறைந்தது, வால் மேலே நிமிர்ந்தது, கால்கள் வந்தன. நிறம் மாறி ஆரஞ்சில் அலகு வந்தது. கறுப்பில் ஒரு புள்ளி விழுந்து கண்ணானது. கடைசியில் சிவப்புக் குடை மடிப்பு மடிப்பாக விரிந்தது.

ஏட்டுதான் முதலில் சிரித்தார். “வாத்துங்க சார்!” அடுத்து கூட வந்திருந்த கான்ஸ்டபிள் சிரித்தார். அரங்கசாமி தொடையைத் தட்டிக்கொண்டு வாய்விட்டுச் சிரித்தார். “இந்த வாத்துக்குத்தான் இத்தனை பாடு பட்டோமா!” கதவோரத்தில் நின்ற அம்மாவும், மகன் தப்பித்தான் என்ற நிம்மதியில், முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்.

அம்மா சிரித்ததைத்தான் ஃபர்சானாவால் தாங்க முடியவில்லை. “எதுக்கும்மா சிரிக்கறீங்க?” என்று கத்தினாள். “இதுல என்ன சிரிப்பு இருக்கு?”

சிரிப்பு நின்றது. எட்டாம் எண்ணைத் திறந்தாள், ரோஜா. ஒன்பது, ஒரு படகு. யாரும் கேட்கவில்லை என்றாலும் பிளாப்பியில் இருந்த ஒவ்வொன்றையும் கடைசி வரைக்கும் திறந்து காட்டினாள். இன்ஸ்பெக்டர் போதுமுங்க, போதுமுங்க என்று எழுந்த பிறகும் அவள் நிறுத்தவில்லை. உட்கார்ந்து பார்க்கட்டும் என்று இருந்தது அவளுக்கு.

ஜெரால்டு கடைசியாகப் படியிறங்கும்போது நின்றான். “அவங்க கூப்பிட்டா நான் போகாம இருக்க முடியாதுங்க. தெரியாதுன்னுதான் மொதல்ல சொன்னேன். தெரியாதவனை எதுக்குக் கூப்பிட்டோம்னு சத்தம் போட்டாங்க.”

அவன் சொன்னது பொய்யில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. ஆனால் அழிந்து போன பிளாப்பிகளின் லேபிள்கள் ஒவ்வொன்றாக அவள் கண் முன்னால் வந்தன.

“போங்க” என்றாள்.

ரியாஸ் வீட்டுக்குள் வந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். அடித்தார்களா என்று அம்மா கேட்டார். இல்லை என்றான். பாதத்தைத் தரையில் ஊன்றாமல் விளிம்பால்தான் நடந்து வந்திருந்தான். மறுபடி அம்மா கேட்டார். மறுபடி இல்லை என்றான். ஃபர்சானா கேட்கவே இல்லை. தண்ணீர் காய்ச்சி எடுத்து வந்து அவன் காலைப் பாத்திரத்துக்குள் வைத்தாள்.

“பாப்பா” என்றான் அவன். “அந்த ஃபைல் பேரை மாத்திரு.”

“எதுக்கு மாத்தணும்?”

“வேற ஏதாச்சும் வையி. பூன்னு வையி. பாத்தவுடனே பூன்னு தெரியட்டும்.”

“மாத்தினா சாப்ட்வேர் தெறக்காது அண்ணே.” அது பாதிதான் உண்மை. மாற்ற அவளுக்கு மனம் இல்லை. “வாத்துக்கு வாத்துன்னு நாம எழுதிக் காட்டணுமா? அவங்க படிச்சிருக்கணும், இல்லைன்னா கேட்டிருக்கணும்.”

அவன் தண்ணீரிலிருந்து காலை எடுத்தான். இனிமேல் பிளாப்பி கொண்டு போக மாட்டேன் என்று மட்டும் சொன்னான். அதற்குப் பிறகு பல நாள் அவன் வெளியிலேயே போகவில்லை.

ரியாஸின் கால் வீக்கம் வடிந்த வாரத்தில் ஃபர்சானா மீண்டும் ஸ்டேஷனுக்குப் போனாள். பிளாப்பிகளைத் திருப்பிக் கேட்டாள். கூடவே, பிடித்தது எம்பிராய்டரி டிசைன்கள்தான், ரியாஸ்மேல் எதுவும் இல்லை என்று ஒரு காகிதம் எழுதித் தரச் சொன்னாள். அடுத்த செக்போஸ்டில் காட்ட அது வேண்டும்.

பிளாப்பிகள் கிடைத்தன. காகிதம் கிடைக்கவில்லை. “அப்படியெல்லாம் எழுதிக் கொடுக்கற வழக்கம் இல்லீங்கம்மணி” என்றார் அரங்கசாமி. “உங்க அண்ணன்மேல நாங்க கேஸே போடலியே. போடாத கேஸுக்கு என்னன்னு எழுதறது?”

“சிவப்பு வட்டம் போட்டு வெச்சிருந்தீங்களே, அந்தக் காகிதம்?”

“அது எங்க ஃபைலுங்க. அது இருக்கட்டும்.” மேஜைமேல் சாய்ந்து குரலைத் தணித்துக்கொண்டார். “அம்மணி, தப்பா நெனைக்காதீங்க. எம் பொண்ணுக்கு ஒண்ணாம் பொறந்தநாள் வருது. அந்த வாத்து அப்படியே கண்ணுக்குள்ளயே இருக்குதுங்க. ஒரு கவுன்ல தெச்சுக் கொடுத்தீங்கன்னா...”

அவர் முகத்தில் கள்ளம் இல்லை. தகப்பன் முகமாகத்தான் இருந்தது. அதனாலேயே அவளுக்கு இன்னும் ஆத்திரமாக வந்தது.

“முடியாதுங்க” என்றாள்.

“காசு கொடுத்தர்றேனுங்க.”

“முடியாதுன்னா முடியாதுங்க. அந்த வாத்து உங்களுக்கு இல்லை.”

வெளியே வந்த பிறகு, இனி இதற்கு என்ன வருமோ என்ற பயம் முதல்முறையாக அவளைப் பிடித்தது. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் விறுவிறுவென்று நடந்தாள். ஆனாலும் திரும்பிப் போய்ச் சரி என்று சொல்லத் தோன்றவில்லை.

அழிந்த டிசைன்களைச் சாம்பிள் துணிகளைப் பார்த்துப் பார்த்து அவள் மறுபடி பஞ்ச் செய்ய ஆரம்பித்தாள். கண் எரிய எரிய உட்கார்ந்தாள். எல்லாவற்றையும் மீட்க முடியவில்லை, துணி இல்லாதவை போனவை போனவைதான். கனகத்திடமிருந்து பக்கத்து எஸ்.டி.டி. பூத்துக்குப் போன் வந்தது. மெஷின் சும்மா நிற்கிறது, வெளிநாட்டுப் பார்ட்டி அவசரப்படுத்துகிறார், ரியாஸ் தம்பியிடம் எப்போது கொடுத்துவிடுவாய் என்று கேட்டார்.

“அண்ணன் வரமாட்டான். வேணும்னா நீங்க வந்து வாங்கிட்டுப் போங்க.”

“நானா? அங்கயா?”

“ஆமாங்க, இங்கதான்.”

கனகம் வந்தார். முதல்முறையாக அந்தத் தெருவுக்கு வந்தார். வியர்த்துப் போய்ப் படியேறி வந்தவர், உட்கார்ந்தவுடன் சொன்ன முதல் பேச்சு இதுதான்: “நீ சொன்னதைக் கேட்டு வழியெல்லாம் பயந்துக்கிட்டே வந்தேன் கண்ணு. அந்த மூட்டை அடுக்கின எடத்துல ஒண்ணுமே கேக்கலையே! போங்கம்மான்னு உட்டுட்டாங்க. பையைக்கூடத் தெறக்கச் சொல்லலை.”

ரியாஸ் அறையின் மூலையில் உட்கார்ந்திருந்தான். ஃபர்சானா அவனைப் பார்த்தாள், பிறகு கனகத்தின் நெற்றிப் பொட்டைப் பார்த்தாள். மெல்லக் கொதித்துக்கொண்டே இருந்த கோபம் பொங்கி மேலே வந்தது.

“அண்ணே, எந்திரி. சட்டை போடு.”

“எதுக்கு?”

“இவங்களைப் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கொண்டு போய் விட்டுட்டு வா. பெட்டியை நீ எடுத்துக்க. நானும் வாரேன்.”

ரியாஸ் மாட்டேன் என்றான். அம்மா வேண்டாம் என்றார். ஃபர்சானா யாரையும் விடவில்லை. “பயந்துக்கிட்டே எத்தனை நாளு இந்த மூலையில உக்காந்திருப்பே?” என்று கையைப் பிடித்து எழுப்பினாள். இப்படி அவனை இழுத்துக்கொண்டு போவது சரியா என்று வாசலில் ஒரு நொடி அவளுக்கே சந்தேகமாக இருந்தது. போனார்கள்.

செக்போஸ்டில் கனகம் முன்னால் போனார். அவரை விட்டுவிட்டார்கள். பின்னால் வந்த ரியாஸின் நெஞ்சுக்கு நேராகத் தடி குறுக்கே வந்தது.

“பெட்டியில என்ன?”

ரியாஸின் வாய் திறந்தது, பேச்சு வரவில்லை. ஃபர்சானா முன்னால் வரப் போனாள். அதற்குள் கனகம் திரும்பி வந்துவிட்டார். அந்தத் தடியையும் ரியாஸின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய அவருடைய குரல் தெருவே கேட்கும்படி எழுந்தது.

“ஏனுங்க, அது என்ரதுங்க! என்ர பிளாப்பி, என்ர ஆர்டரு. என்னை உட்டுப்போட்டு அந்தப் பையனை எதுக்குங்க மறிக்கறீங்க? கேக்கறதுன்னா என்னைக் கேளுங்க!”

போலீஸ்காரர் அவரை மேலும் கீழும் பார்த்தார். தடி இறங்கியது. ரியாஸ் நகரவில்லை. கனகம் அவன் முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மணல் மூட்டைகளைத் தாண்டினார்.

பஸ் வந்தது. ஏறுவதற்கு முன் கனகம் ஏதோ சொல்ல வந்தவர் போல நின்றார். “அன்னைக்கே நானு...” என்று தொடங்கினார். கண் கலங்கியிருந்தது.

“ஆமாங்கக்கா” என்றாள் ஃபர்சானா. “அன்னைக்கே சொல்லியிருக்கணும்.”

பெட்டியை வாங்கி அவர் கையில் வைத்தாள். பஸ் கிளம்பியது. ஜன்னல் வழியாகக் கனகம் பார்த்துக்கொண்டே போனார். ஃபர்சானா கையை அசைக்கவில்லை. அண்ணனும் தங்கையும் வந்த வழியே திரும்பி நடந்தார்கள். செக்போஸ்ட் நெருங்க நெருங்க ரியாஸின் நடை தளர்ந்தது. அவள் தன் நடையைக் குறைத்துக்கொள்ளவில்லை.